வேன் கதவைச் சாத்தியது நான்தான்

விடியற்காலையில் ஆள் தேடி மலையிறங்கி, பொதட்டூர்பேட்டையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மேலே வேனுக்குள் டிரைவர் மணியண்ணன் செத்துக் கிடந்தார்.

எழுபதுகளில் நாங்கள் ஊர் ஊராகப் பாத்திரம் விற்ற பழைய வேன் அது. இரவானால் ஏதாவது குன்றின்மேல் நிறுத்தி, சமைத்து, அதிலேயே தூங்குவோம். அன்று மார்கழிக் குளிர். சோறாக்கிய கரியடுப்பை அண்ணன் அணைக்காமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். நான் வேன் கூரையில் ஏறப் போனேன்.

"நட்சத்திரத்த எண்ணிக்கினு இருந்தா இன்னாடா, டப்பு குடுப்பாங்களா?"

"கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேண்ணா."

"அப்ப கதவ சாத்திட்டுப் போ, குளுருது."

இறுகச் சாத்தினேன். மேலே நட்சத்திரங்களைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன். காலையில் திறந்தபோது புகைகூட இல்லை. அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. மூடிய இடத்தில் எரியும் கரி, புகையில்லாமலே ஆளைக் கொல்லும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில், ஒரு பட்டறையில் உலைக்குக் கரி அள்ளும் வேலை கிடைத்தது.

"பனி வருது, கதவ சாத்துப்பா" என்றார் மேஸ்திரி.

நான் வெளியே போய்ப் பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்து, கதவு சாத்த முடியாதபடி முட்டுக்கொடுத்தேன். இன்றுவரை எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அதுதான் என் முதல் வேலை.