பக்கம் புரளாத வெள்ளிக்கிழமைகள்

ஒரு தொடர்கதையில் பதினான்காம் வாரம் செத்துப்போன ராணுவ வீரனை என் அம்மா மேலும் ஏழு வாரம் உயிரோடு வைத்திருந்தாள். அந்த ஏழு வாரமும் அவன் எங்கெங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான் என்பதைத் தேதி போட்டு எழுதிவைத்தவள் நான்.

ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பியான என் மாமா வடக்கே எல்லையில் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அத்தையை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார். அம்மாவும் அத்தையும் வீட்டிலேயே பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மாவின் கைக்கு ஓய்வு. வாரப்பத்திரிகையில் வரும் தொடர்கதையை அவள் வாசிக்க, அத்தையும் நானும் துணி மடித்தபடி கேட்போம். அத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு பத்திக்குள் களைத்துவிடுவாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் மாமாவின் கடிதம், புரட்டாசி பிறந்ததிலிருந்து வரவில்லை. செல்போன் எங்கள் தெருவை எட்டாத காலம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அத்தையின் கை துணியோடு நின்றுவிடும்.

பதினான்காம் வாரப் பத்திரிகையை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, நடந்துகொண்டே படித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் வீரன் குண்டடிபட்டு இறந்துபோனான். மற்றவர்கள் கேட்கும்போது சுவை கெட்டுவிடக்கூடாதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அம்மா வாசித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் நிறுத்தி, செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு, வீரனுக்குத் தோளில் மட்டும் காயம் என்றும், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றும் தொடர்ந்தாள்.

"அந்தக் கட்டு நம்ம மடிச்ச துணியாத்தான் இருக்கும், மதினி," என்றாள் அத்தை.

"அம்மா, அதுல அப்படியா போட்டிருக்கு?" என்றேன்.

"ஏட்டி, வாசிக்கது நீயா நானா?"

பிறகு அடுப்படியில் என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமாகிட்டருந்து கடுதாசி வார வரைக்கும் அவன் சாகக்கூடாது. வாயத் தொறந்த, தோல உரிச்சுருவேன்."

வாயைத் திறக்கவில்லை; ஆனால் அம்மா சொன்ன கதையைத் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்து வரிசையாக அடுக்கி பைண்டிங் செய்யக் காத்திருந்தவள் நான். அச்சில் ஒன்றும் அம்மா வாயில் ஒன்றுமாகக் கதை போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அம்மா அந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். அடி விழும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவன் எந்த ஆஸ்பத்திரில கெடக்கான்? லக்னோவா, டெல்லியா?" என்று கேட்டாள். அதன்பின் நோட்டைப் பார்க்காமல் அவள் வாசிக்க உட்கார்ந்ததில்லை.

ஐப்பசிக் கடைசியில், மழைக்கு நடுவே மாமாவின் கடிதம் வந்தது. தபால் போகாத மலையில் இருந்தாராம். அன்று அத்தை கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையே அம்மா வீரனை ரயிலேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, "முற்றும்" என்றாள்.

"என்ன மதினி, அதுக்குள்ள முடிச்சுட்டாவ?" என்றாள் அத்தை.

"கத எழுதுதவியளுக்கும் வேற சோலி இருக்கும்லா," என்றாள் அம்மா.

பத்திரிகையில் அந்தக் கதை தை மாதம் வரை ஓடியது.

மாமா லீவில் வந்து அத்தையைத் தங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அழைத்துப்போன பிறகு என் நோட்டைக் காணவில்லை. தேடி அழுதேன். அச்சடித்த பக்கங்களையும் காணோம் என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போன வருடம் ஆடிப்பூரத் தேருக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா தேர் பார்க்கப் போயிருந்தார். அலமாரியில் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்ட ஒரு பைண்டு புத்தகம். பதின்மூன்று வாரம் அச்சு. அதன்பின் கோடு போட்ட தாளில் என் ஆறாம் வகுப்புக் கையெழுத்து, "முற்றும்" வரை.

"அத்தை, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முத வாரமே. ஒங்க அம்மா அரை மணி நேரம் வாசிச்சாவ. தண்ணியக் குடிச்ச பொறவு ஒரு பக்கங்கூடத் திருப்பல. எழுத்துத் தெரியாட்டா கண்ணுமா தெரியாது?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவாவள்லா. எனக்குத்தான் புருசன், அவியளுக்குத் தம்பி இல்லையா? சொல்லச் சொல்ல அவிய மொகம் தெளியும். அதப் பாத்துதான் நானும் தெம்பா இருந்தேன்." புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஒங்க அம்மாகிட்டச் சொல்லிராத."

கொடுக்குமுன் கடைசித் தாளைப் பார்த்திருந்தேன். தேதியும் கிழமையும் சரியாகத்தான் இருந்தன. அதன் கீழே, அன்று நான் மட்டும் விவரம் தெரிந்தவள் என்ற பெருமையில், சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்: அத்தைக்கு ஒன்றுமே தெரியாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.