இரண்டாவது சத்தம்

ஊரார் கம்ப்யூட்டர்களையெல்லாம் பழுது பார்த்துப் பிழைத்த காலத்தில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. எழுதியதைக் காப்பி எடுக்க உதவும் ஃப்ளாப்பி டிரைவ் கெட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டியவன் நான்தான்.

அதில்தான் என் மனைவி எம்.ஃபில். ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கும் பெண்களைப் பற்றியது. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, பத்து மாதம் பஸ்ஸில் அலைந்து எழுதியது. ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கேபினெட்டுக்குள் கரகரவென்று சத்தம் வந்தது.

"ரெண்டு சத்தம் கேக்குதுங்க. கரகரன்னு ஒண்ணு, டக்டக்குனு ஒண்ணு. பயமா இருக்கு. முதல்ல நான் எழுதுனதை எங்கனா ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றாள்.

மூடியைக் கழற்றினேன். பூஜைக்குப் படைத்த பொட்டுக்கடலை ஒன்று காற்று ஓட்டை வழியாக விழுந்து, மின்விசிறியில் சிக்கித் தட்டிக்கொண்டிருந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா, உன் பேய்!" என்று சிரித்தேன். கரகரப்பு நின்றுவிட்டது.

அவள் குனிந்து காதை வைத்தாள். "இன்னொண்ணு நிக்கலயே."

"படிச்சவளுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. ஹார்ட் டிஸ்க் ஓடுனா அப்படித்தான் கேக்கும்."

தொழில் தெரிந்தவனுக்கே பாடம் நடத்துகிறாளே என்று எனக்கு எரிச்சல். காப்பி எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் திரை கறுப்பாகவே நின்றது. டக்டக் மட்டும் கேட்டது. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். மூன்று கடை ஏறி இறங்கியும் ஒரு பக்கம்கூட மீளவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

குறிப்பு நோட்டுகள் இருக்கின்றனவே, கெடுவை நீட்டித் தருவார்களே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"என்னால முடியாதுங்க."

அடுத்த மாதம் தான் விட்டுவந்த அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே இரண்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போனாள். அவளுடைய பத்து மாதத்தைத் தொலைத்தவன் நான். வாய்விட்டு அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அந்த அளவுக்கு வீம்பு எனக்கு.

அதன்பிறகு யார் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும், காப்பி எடுத்த பிறகே ஸ்க்ரூவில் கை வைத்தேன். அப்படி ஒருமுறை தன் கடைக்கணக்கு அழியாமல் தப்பியதில் மகிழ்ந்த வாடிக்கையாளர் ஒருவர், வீட்டு வாசலில் நின்று அவளிடமே சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுப்பான ஆளைப் பாக்க முடியாதும்மா."

நான் தலையைத் தூக்கவில்லை.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.