நீர்கொழும்புக்குப் போகும் நிழல்

பேராதனை ரயில் ஸ்டேஷன். மகாவலிக் கரையில் வெட்டிய மூங்கில்கள் பிளாட்பாரத்தில் கிடக்கின்றன. வேகனில் அடங்காத நீளம், இரண்டாக அறுக்க வேண்டும் என்று ரம்பத்தோடு ஆள் அனுப்பியிருக்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். மூங்கிலை வாங்கிய நீர்கொழும்பு மீனவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இது எதுக்குண்ணே?” என்கிறேன்.

“கடல்ல மிதக்க விடத்தான், தங்கச்சி. தெப்பமாக் கட்டி, கீழ தென்னோலை தொங்கவிட்டு, கல்லுப் போட்டு நிறுத்துவம். நிழலுக்கு மீன் வந்து கூடும். எங்கட சின்ன வள்ளம் தூரம் அலையத் தேவையில்ல. அறுத்து ஒட்டுப்போட்ட மூங்கிலெண்டா அலை பிரிச்சிடும்.”

கடலில் நிழல் போடுகிறார்களாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் தைரியத்தில் மாஸ்டரிடம் போய் இங்கிலீஷில் கேட்கிறேன்: கடைசியில் நிற்கும் திறந்த வேகன் காலியாகத்தானே போகிறது, நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதில் அறுக்காமலே ஏற்றலாமே? அவர் என் வெறுங்காலைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார். பிறகு ரம்பக்காரரைத் திருப்பி அனுப்புகிறார்.

மூங்கிலில் கரியால், போய்ச் சேர வேண்டிய ஊர்ப் பெயரை எழுதித் தருகிறேன்.

“உங்கட பேரையும் எழுதுங்க, தங்கச்சி. மீன் வாசிக்கட்டும்.”

பெரிதாகவே எழுதுகிறேன். ரயில் நகர்கிறது. நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. என் பெயர் எனக்கு முந்திப் போகிறது.