தண்ணீர் என்று நான் சொன்ன வெள்ளை

போன வாரம் புனேயின் விமான் நகரில், எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில், மேல்வீட்டு இளைஞர் ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சென்னையிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் வேலை. நான் ஸ்கேன் சென்டரில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திரையில் அவருடைய அம்மாவின் ஸ்கேன் படம். "அங்கிள், இங்க வெள்ளையா இருக்கே, என்னது இது?" நான் இரண்டு மாடி முன்பாகவே இறங்கி, படியேறி வீட்டுக்குப் போனேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு. கரண்ட் போய்விட்டதா என்று மனைவி கேட்டாள்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மூக்கில் ஒரு புளித்த வாடை வந்தது. படம் கழுவும் ரசாயனத்தின் வாடை. தொண்ணூறுகளின் கடைசியில் இதே புனேயில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியனாக இருந்தேன். துவைத்துப் போட்ட சட்டையிலும் அந்த வாடை இருக்கும். வடா பாவ் தின்றாலும் அதே வாடைதான். பெண் பார்க்கப் போன வீட்டில், ஊறுகாய் வியாபாரமா என்று கேட்டார்கள்.

அந்த வேலையில் முதலில் கற்றுக்கொண்டது, வெள்ளையை நம்பக்கூடாது என்பது. எக்ஸ்ரேயில் வெள்ளை என்றால் பெரும்பாலும் எலும்பு, பேச்சு முடிந்தது. எம்.ஆர்.ஐ.யில் அப்படி இல்லை. ஒரு வரிசைப் படங்களில் தண்ணீரும் வெள்ளையாகத் தெரியும், நோயும் வெள்ளையாகத் தெரியும். அடுத்த வரிசையில் இயந்திரம் வெறும் தண்ணீரை மட்டும் கறுப்பாக்கிவிடும். அப்போதும் வெள்ளையாக நிற்பதுதான் விவகாரம். இரண்டையும் பார்க்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. பார்த்தாலும் டெக்னீஷியன் திறக்கக்கூடாது. அதற்கென்றே இரண்டு வாக்கியங்கள் வைத்திருந்தேன். இந்தியில் "டாக்டர் பதாயேங்கே", மராத்தியில் "டாக்டர் சாங்க்தீல்". டாக்டர் சொல்வார், அவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தமிழில் அதைச் சொல்லிப் பழகவே இல்லை. அதுவரை தமிழில் யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் ஊரின் இன்னொரு பகுதியான சாங்வியிலிருந்து கோமதி என்றொரு அக்கா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஒரு மாதமாகத் தலைவலி, அன்று காலை பேச்சும் குழறியிருந்தது. அவரை இயந்திரத்துக்குள் படுக்கவைத்துவிட்டு அக்காவிடம் நான் இந்தியில் ஏதோ சொல்ல, என் இந்தியைக் கேட்டதுமே, "தம்பி, நீங்க நம்ம ஊரா?" என்றார். உருகிவிட்டேன். வெளியே பெஞ்சில் உட்காரவேண்டியவரை என் அறைக்குள்ளேயே நிற்கவிட்டேன். முதல் வரிசை திரையில் வந்தது. ஓரமாக ஒரு வெள்ளை.

"அது என்ன தம்பி, வெள்ளையா?"

இந்தி வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நம் ஊர் அக்காவிடம் போய் இந்தி பேசுவதா?

"தண்ணிதான்க்கா. பயப்படாதீங்க."

அக்கா அழுதார், சிரித்தார். ஊரில் மாமியார் சாப்பிடாமல் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

அடுத்த வரிசை வந்தது. மூளைக்குள் இருக்கும் தண்ணீர் எல்லாம் ஒழுங்காகக் கறுத்திருந்தது. அந்த வெள்ளை அப்படியே இருந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கண்கள், மூளை எல்லாம் இருட்டுக்குள் போயின, அது மட்டும் போகவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கண்ணாடி வழியாக அவருடைய கால்கள் தெரிந்தன. ஒரு சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

அக்கா மூச்சிரைக்க வந்தார். "அத்தைகிட்ட சொல்லிட்டேன் தம்பி. நம்ம ஊர்த் தம்பிதான் படம் எடுக்காரு, வெறும் தண்ணிதான்னு சொல்லிட்டாருன்னு சொன்னேன். இப்பதான் சாப்பிட உக்காந்திருக்காவ."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "டாக்டர் பதாயேங்கே."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே பெஞ்சுக்குப் போனார். மறுநாள் படங்களை வாங்க வேறு யாரோ வந்தார்கள். ரிப்போர்ட்டில் கட்டி என்று எழுதியிருந்தது. ஒரு வரிசைக்கு, ஐந்து நிமிஷத்துக்கு, என்னால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படம் கழுவுவது போயிற்று. பிறகு படமே போயிற்று, சி.டி. வந்தது, அதுவும் போய் இப்போது லிங்க் அனுப்புகிறார்கள். சென்டர் இருந்த இடத்தில் துணிக்கடை. நான் ஓய்வு பெறும்வரை வேறு சென்டர்களில் அதே வேலையைத்தான் பார்த்தேன். நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் இன்னும் அதிகம். என் பக்கத்தில் நின்று தமிழில் பயந்தார்கள், தமிழில் சாமியைக் கூப்பிட்டார்கள். நான் ஒன்றும் புரியாதவன் போல, அசையாமல் படுக்கும்படி இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த வேலையில் யாரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.