தலைகீழாக வந்த பாடம்

புள்ளியியல் துறையில் அவருக்குக் 'கிராஃப் அக்கா' என்று பெயர். மழை வருமா என்று கேட்டால்கூடக் காகிதத்தில் இரண்டு கோடு கிழித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். பேராசிரியர்களுக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களை உருவாக்குவதாகச் சொல்லி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆள் கேட்டபோது, மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட, அக்கா மாட்டிக்கொண்டார். போனார், கற்றார், திரும்பி வந்து சக ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் வேறு சிலருக்குச் சொல்லிக்கொடுக்க, ஊரில் அது ஒரு பயிற்சி வகுப்பாகவே ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஓர் உத்தரவு வந்தது. உள்ளூர்ப் பயிற்சி வகுப்பில் உட்காராதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது.

"அந்த வகுப்பையே நான்தாங்க ஆரம்பிச்சேன்," என்று அலுவலகத்தில் முறையிட்டார் அக்கா.

"ஆரம்பிச்சது சரி மேடம். உக்காந்ததா ஃபைல்ல இல்லையே," என்றார் எழுத்தர்.

வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார். பாடம் எடுத்தவர் இன்னொரு கல்லூரியின் பொருளாதார ஆசிரியர். அக்காவை அவர் முன்பின் பார்த்ததில்லை. மின்விசிறி கடகடத்த அந்த அறையில், பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'முதலில் முடிவை எழுதுங்கள். பிறகு தரவைத் தேடுங்கள்.'

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், முடிவை முன்னாடியே எழுதிட்டா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?"

"இது என் சொந்தச் சரக்கு இல்ல மேடம். வெளிநாடு போய்ட்டு வந்த கிராஃப் அக்கான்னு ஒருத்தங்க சொன்னது. சும்மா சொல்லுவாங்களா?"

பின்வரிசையில் யாரோ, "விடுங்க மேடம், டீ ஆறுது," என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார். நான்தான் அந்த அக்கா என்று காட்டிக்கொள்ளவில்லை.

இடைவேளையில் நூலகத் துறைத் தோழிக்குப் போன் போட்டார். அக்காவிடம் கற்று, பொருளாதார ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க! கரண்ட் போயி எல்லாரும் வராந்தாவுல உக்காந்திருந்தோமே, அன்னிக்கு."

"அப்படிச் செய்யக் கூடாதுன்னுதானே சொல்லியிருப்பேன்?"

"கூடாதுன்னீங்களா? அது எனக்குக் கேக்கலையே."

வீட்டில் கணவரிடம் புலம்பினார். "சொன்னியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு," என்றார் அவர், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே.

"அதுதாங்க எனக்கே தெரியல."

மறுநாள் காலை, வெளிநாட்டில் தனக்குப் பாடம் எடுத்த அம்மையாரை வீடியோவில் பிடித்தார். அந்த அம்மாள் சிரித்தார். முடிவைத்தான் முதலில் எழுதச் சொன்னாராம். ஆனால், நாம் எதிர்பார்க்கும் முடிவை. அதன் கீழே, எந்தத் தரவு வந்தால் அது பொய் என்று ஒத்துக்கொள்வோம் என்பதையும் எழுதச் சொன்னாராம்.

அந்த இரண்டாவது பாதி அக்காவின் நினைவில் எங்குமே இல்லை. அன்றைக்கே சொன்னாரா, இப்போது சேர்த்துச் சொல்கிறாரா? வழியில் விழுந்துபோனது என்றால், யார் கையிலிருந்து விழுந்தது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

அன்று வகுப்பு தொடங்குமுன் பொருளாதார ஆசிரியரைத் தனியே அழைத்தார். "சார், அந்தக் கிராஃப் அக்கா நான்தான்."

அவர் முகம் வெளிறிப்போனது. "அப்ப நான் சொன்னது தப்பா மேடம்? இந்த வருஷம் நாலு காலேஜ்ல சொல்லிட்டேனே!"

"தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. கீழ ஒரு வரி சேக்கணும்."

இருவருமாகப் போய் அந்த வரியைப் பலகையில் சேர்த்தார்கள். நடந்த கதையையும் அக்கா மறைக்காமல் சொன்னார். பிறகு பின்வரிசைக்காரர் எழுந்தார்.

"நாளைக்கு அந்த வெளிநாட்டு மேடத்துக்கு வேற ஞாபகம் வந்தா என்ன பண்றது?"

அக்கா பொருளாதார ஆசிரியரைப் பார்த்தார். அவர் அக்காவைப் பார்த்தார்.

"தெரியலங்க," என்றார் அக்கா. "உங்க வேலையில ரெண்டு வரியையும் எழுதிப் பாருங்க. எது உதவுதுன்னு எனக்கும் சொல்லுங்க."

சிலர் எழுதினார்கள். சிலர் முதல் வரியை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்கள்.