எங்களுக்குத் திறந்த கதவு

“உங்க கேம்ல கதவே திறக்கல” என்று ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். தொம்மலூர் ஆபீசில் நானே விளையாடிப் பார்த்தேன். திறந்தது. “இங்கே திறக்கிறதே” என்று பதில் அடிக்கும்போது நீலசந்திராவில் நாங்கள் வளர்ந்த வீடு ஞாபகம் வந்தது.

மழையில் ஊறி ஈரமர வாடையடிக்கும் அந்த வாசற்கதவைச் சற்றே தூக்கித் தள்ளவேண்டும். தூக்குகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி வெளியே நனைந்துகொண்டு நின்றாள். உள்ளே நாங்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம்.

“கதவு தொறந்துதானேம்மா இருந்துச்சு?” என்றாள் அம்மா.

“உங்களுக்குத் தொறந்திருந்துச்சு, அத்தே.”

பதிலை அழித்துவிட்டு, விரலைப் பார்த்தபடியே மறுபடி விளையாடினேன். அது கதவு பட்டனை இரண்டு முறை அழுத்தியது. புரோகிராமில், எத்தனை முறை அழுத்தினால் திறக்கும் என்பதற்கு 1 இருக்கவேண்டிய இடத்தில் யாரோ 2 அடித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் சோதித்த நாங்கள் எல்லோரும் கதவைத் தூக்கித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்.