மூக்கம்மாள் பேருக்கு ஒன்று

கம்பம் ஊரிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அரிசி சுமந்து போகிறவர்கள் பாதி ஏற்றத்தில் ஓரிடத்தில் நிற்பார்கள். அங்கே ஒரு தழைக் குவியல் உண்டு. சாமி என்று சிலையும் கிடையாது, பூசாரியும் கிடையாது. வழியில் ஒடித்த பச்சைக் கொப்பு ஒன்றை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். போட்டால் யானையும் காய்ச்சலும் அண்டாது. ஒருத்தர் போடாமல் போனாலும் கூடப் போகிற அத்தனை பேருக்கும் கேடு.

ஞானசெல்வி பதினோரு வருஷம் போடவில்லை.

பிறந்தபோது அவள் அய்யம்மாள். காலரா வந்த வருஷம் ஒரே வாரத்தில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வாரிக் கொடுத்தாள். சொந்தபந்தம் வாசலை எட்டிப் பார்க்கவே பயந்தபோது, குழி வெட்ட மண்வெட்டியோடு வந்து நின்றவர் மிஷன் உபதேசியார். மறு வருஷம் ஞானஸ்நானம் வாங்கிப் பேரை மாற்றிக்கொண்டாள். இனி வேறெந்தச் சாமியையும் நாடுவதில்லை என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தாள். வாக்கு விஷயத்தில் அவளுக்கு உடும்புப் பிடி.

முதல் தடவை அவள் வெறுங்கையோடு குவியலைக் கடந்தபோது மற்றவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார்கள். இவளோடு ஓரடி வரமாட்டோம் என்றார்கள். அவர்கள் உயிர் அவர்களுக்குப் பெரிது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்டில் ஒற்றை ஆளாக ஏற முடியுமா? ஏறாவிட்டால் அவள் அடுப்பு எரியாது. அப்போது பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் இவளை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, அவர்களிடம் நின்று என்னவோ பேசினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். வேதத்தில் சிங்கத்தின் வாயைக் கட்டின ஆண்டவர் இவர்கள் வாயையும் கட்டினார் என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னாள் ஞானசெல்வி. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. குவியல் நெருங்கும்போது முந்திக்கொண்டு போய்விடுவாள். திரும்பிப் பார்ப்பதே பாவம் என்று நினைத்து, “ஆண்டவரே, ஏறிப்போற என்னைய நீர்தான் பத்திரமா எறக்கி விடணும்” என்று சொல்லிக்கொண்டே கடப்பாள். ஒருமுறை ஒற்றை யானை பாதையை மறித்து நின்று, தானாக விலகிப் போயிற்று. கூட வந்தவர்களில் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. இவளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் மூக்கம்மாள் மலைக்காய்ச்சலில் விழுந்தாள். கொயினா மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. நாலு நாளாக யாரும் மலையேறவில்லை. ஐந்தாம் நாள் மழை வெறித்தது. சுமைக்குப் புறப்பட்ட ஞானசெல்வி கஞ்சியோடு அவளைப் பார்க்கப் போனாள். மூக்கம்மாள் கஞ்சியைத் தொடாமல் அவள் கையைப் பிடித்தாள்.

“அய்யம்மா, இன்னைக்கு உனக்கு யாரு தழை போடுவா?”

“எனக்கு எதுக்கு மதினி தழை?”

“தெனமும் நான்தான் ரெண்டு போடுவேன். எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. அன்னைக்கு அவுககிட்ட அப்படிச் சொல்லித்தான் உன்னையச் சேத்துக்க வச்சேன். தெரிஞ்சா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல.” மூச்சு வாங்கினாள். “இன்னைக்கு என் பேருக்கு நீ ஒண்ணு போட்டுரு ஆத்தா. சாகப் பயமா இருக்கு.”

ஞானசெல்வி தலையை ஆட்டினாள். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன செய்ய முடியும்?

ஏற்றத்தில் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டாள். அவள் கையில் அதைப் பார்த்த மற்றவர்கள், போட்டுவிடுவாள் என்று நம்பித் தங்கள் தழையைப் போட்டுவிட்டு முன்னால் போனார்கள். குவியலின் முன்னால் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நின்றாள். அடியில் மக்கிக் கிடந்ததெல்லாம் யார் யாரோ போட்டது. அதில் ஏறின நாளெல்லாம் ஒரு கொப்பு தன் பேரிலும் விழுந்திருக்கிறது. இத்தனை நாள் காத்தது யார்? போட்டால், மூன்று குழிமேட்டில் துணை நின்ற ஆண்டவரை யாரோ என்று சொன்ன மாதிரி. போடாவிட்டால் மூக்கம்மாளை ஏமாற்றின மாதிரி.

அவள் போடவில்லை. அதற்குப் பதிலாக மூக்கம்மாளுக்காக ஜெபம் பண்ணலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த பிறகுதான் உறைத்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட ஜெபத்தில் அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. என்னைய, என்னைய என்றே கேட்டிருக்கிறாள். வெட்கமாயிருந்தது. திக்கித் திக்கி அந்தப் பேரைச் சொல்லிவிட்டு, கொப்பைக் கீழே போடவும் மனமில்லாமல் தோட்டம்வரை கையிலேயே கொண்டுபோனாள்.

சாயங்காலம் இறங்கி வந்தபோது தெருமுனையிலேயே சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டது. மூக்கம்மாளின் புருஷன் மொக்கைச்சாமி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“மத்தியானம் போயிட்டா. கடைசி வரைக்கும் உன் பேச்சுத்தான். அய்யம்மா போட்டிருப்பா, அவ வாக்குத் தவறமாட்டான்னு சொன்னா. அதுக்கப்புறம் பயமே இல்ல அவளுக்கு.”

ஞானசெல்வி அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து மறுபடி சுமை எடுத்தபோது அவளுக்காகப் பேச ஆளில்லை. மற்றவர்கள் தழையைப் போட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். தனியாகக் குவியலுக்கு வந்தாள். செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் மூக்கம்மாள் பேரைத்தான் முதலில் சொன்னாள். பிறகு வழக்கம்போலத் தனக்கும் கேட்க வாயெடுத்தாள். வரவில்லை. கேட்காமலே ஏறினாள்.